பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்டது

நம் கண் ஆஸ்பத்திரியில் புதிதாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் வந்து அரைமணி நேரம் பேசும்படி கேட்டீர்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு இதை எழுதித் தருகிறேன். தலைக்கனம் என்று நினைத்துவிட வேண்டாம். மூட்டு வலி ஒரு காரணம். திருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, மாடி ஏறி, சால்வை போர்த்திக்கொண்டு உட்காரும் தெம்பு இப்போது எனக்கு இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து மொத்தமாகப் பேசுவதை நான் நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

போன மாதம் என் சொந்தக் கண்ணைக் காட்டிக்கொள்ள வந்திருந்தேன். உங்களில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, கேன்டீனுக்குக் கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்தாள். கண்புரை ஆபரேஷன் முடிந்ததும் கண்ணுக்குள்ளேயே வைத்துவிடுகிற மருந்தைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொன்னாள். எள்ளைவிடச் சின்னதாம். உள்ளே இருந்தபடியே நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடுமாம். பிறகு தானே கரைந்துவிடுமாம். "இது எல்லாருக்கும் வந்துருச்சுன்னா நம்ம பாடு பாதி கொறைஞ்சிரும்ல சிஸ்டர்?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே கேள்வியை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், நானும் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அப்போது அந்தப் பெண் பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருப்பாள்.

நான் வார்டுக்கு வந்த தொண்ணூறுகளில் நம் ஆஸ்பத்திரி இவ்வளவு பெரிதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவதோர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடக்கும். புரை முற்றியவர்களை அன்றைக்கே வேனில் ஏற்றிக்கொண்டு வருவோம். மறுநாள் ஆபரேஷன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துக் குப்பியும் கொடுத்து அனுப்புவோம். உள்ளே லென்ஸ் வைக்கிற வரை அந்தக் கண் டாக்டருடைய பொறுப்பு. வீட்டுக்குப் போன பிறகு அந்தக் குப்பியின் பொறுப்பு.

அந்தக் குப்பி பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் ஒரு வாரம் கழித்து வந்தார். பாதிக்குமேல் மருந்து அப்படியே இருந்தது. தினம் நாலு தடவை போடச் சொன்னோமே என்று கேட்டேன். "மருந்துன்னா சாப்பிட்டுட்டுத்தானம்மா போடணும்? எங்க வீட்ல ரெண்டு நேரந்தான் அடுப்பு எரியும்" என்றார். சாப்பாட்டுக்கும் இந்த மருந்துக்கும் சம்பந்தமில்லை என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. இன்னொரு தம்பதி, இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன். ஆளுக்கொரு குப்பி கொடுத்தோம். ஒன்றை வைத்து இரண்டு பேரும் போட்டுக்கொண்டு, இன்னொன்றை அடுத்த வருடம் மற்றக் கண்ணுக்கு ஆகும் என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சிக்கனமான குடும்பம்.

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் எனக்குச் சலித்துப்போனது. ஆபரேஷன் செய்த கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது எப்போதாவதுதான் நடக்கும். நடந்துவிட்டால் பார்வை நாள் கணக்கில் அல்ல, மணிக் கணக்கில் போகும். அந்த பயத்தோடு ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குக் குப்பியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது? கையைக் கழுவுங்க, மூக்கு நுனியைப் பார்க்காம மேல பாருங்க, குப்பி நுனி கண்ணுல படக் கூடாது. நான் தூக்கத்தில்கூட இதைச் சொல்வதாக என் வீட்டுக்காரர் புகார் செய்தார். அதுவும் தமிழில் சொல்கிறேனாம். நாங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். நோயாளிகளோடு பேசும் தமிழை நான் வார்டில்தான் கற்றேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன் என்று ஒரு பெருமையும் எனக்கு உண்டு.

தொண்டையும் பெரிய தொண்டை. நாலு தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடவே கத்த வேண்டும். வார்டில் நான் ஒரு மூலையில் பேசினால் மறுமூலையில் குறிப்பெடுக்கலாம் என்று டாக்டர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆன பிறகு ஒருநாள், எங்கள் தலைமை டாக்டர் வார்டுப் பொறுப்பில் இருந்த என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் அதிகம் பேசாத மனிதர். மேசையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். அதற்குள் நொய்யரிசியில் பாதி அளவில் வெள்ளையாக ஏதோ ஒன்று. கிருமியைக் கொல்லும் மருந்தை அதில் சேர்த்திருப்பதாகவும், ஆபரேஷன் முடியும்போது கண்ணுக்குள் வைத்துவிட்டால் ஒரு வாரத்துக்குமேல் அதுவே மருந்தை விடும் என்றும் சொன்னார். முறைப்படி அனுமதி வாங்கி, நோயாளிகளின் சம்மதம் வாங்கி, கொஞ்சம் பேருக்கு மட்டும் வைத்துப் பார்க்கப்போகிறார்கள். அவர்களுக்குக் கிருமிக்கான சொட்டு மருந்து வேண்டாம்.

எனக்கு அந்தக் குழாயைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது. "இது எல்லாருக்கும் வந்துட்டா எங்க பாடு பாதி கொறைஞ்சிரும்ல டாக்டர்?" என்றேன்.

"எந்தப் பாதின்னு தெரியலையே சிஸ்டர்" என்றார் அவர். வழக்கமான குதர்க்கம் என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒரு விதியில் அவர் கறாராக இருந்தார். ஒரே கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்களுக்கு அதை வைக்கக் கூடாது. மற்றக் கண் ஏற்கெனவே போனவருக்கு, இருக்கிற ஒன்றில் புதுப் பொருளை வைத்துச் சோதிப்பது தப்பு. நியாயமான விதி. இன்றைக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சோணைமுத்து என்பவர் அப்படி ஒற்றைக் கண்ணோடு வந்தவர். சோழவந்தான் பக்கம் ஒரு சிற்றூர். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. வயது அறுபதுக்குள்தான் இருக்கும். கொடி படர்வதற்காக நட்டிருக்கும் அகத்தி மரத்தின் சிம்புக் குச்சி ஒன்று இளவயதிலேயே அவர் வலது கண்ணைக் குத்திக் கெடுத்துவிட்டது. இடது கண்ணில் புரை முற்றி, வந்தபோது அவருக்கு ஆள் அசைவதுதான் தெரிந்தது. இலையில் இளசு எது, முற்றல் எது என்று பார்க்க முடியாமல் ஒரு வருடமாக வேலைக்குப் போகவில்லை. மனைவி ராக்கு கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

"இந்தக் கண்ணு மட்டும் தெரிஞ்சிட்டாப் போதும்மா. கொடிக்காலுக்குத் தனியாப் போயிட்டுத் தனியா வந்துருவேன். இவ கையப் புடிச்சிக்கிட்டு வரப்புல நடக்குறது கேவலமா இருக்கு" என்றார்.

"கல்யாணத்தன்னைக்கே ஊரு பாக்கப் புடிச்ச கைதான? இப்ப என்ன கேவலம் வந்துருச்சு?" என்றார் ராக்கு. வார்டே சிரித்தது.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மறுநாள் காலை கட்டைப் பிரித்தது நான்தான். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். ராக்குவின் முகத்தில் வந்து பார்வை நின்றது. "என்னடி, இம்புட்டு நரைச்சுப் போச்சு?" என்றார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த சம்பளம் அந்த மாதிரிக் காலைகள்தான். மற்றதெல்லாம் ஏதோ வந்தது, போனது.

அவர் பக்கத்துக் கட்டிலில் பாண்டி. சமயநல்லூரில் டீக்கடை வைத்திருப்பவர். நல்ல வாய். இரண்டு பேருக்கும் ஒரே நாள், ஒரே டாக்டர். பாண்டிக்கு அந்த மருந்துத் துணுக்கை வைத்திருந்தார்கள். சோணைமுத்துவுக்கு விதிப்படி வைக்கவில்லை. வைத்தவர்களின் கேஸ் சீட்டில் பச்சை ஒட்டு ஒட்டியிருப்போம். சீட்டு கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். நாங்கள் பார்ப்பதற்காகத் தொங்கியதே தவிர, படுத்திருப்பவர்கள் அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாள் காலை. வெளியே அடுத்த முகாம் வேன் வந்து நின்றுவிட்டது. கட்டில்களைக் காலி செய்து கழுவ வேண்டும். நான் வார்டு நடுவில் நின்றுகொண்டு, பச்சை ஒட்டு உள்ளவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். அன்றைக்கு என்ன சொன்னேன் என்பது எனக்கு இன்னும் ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது.

"ஒங்க கண்ணுக்குள்ளயே டாக்டர் மருந்தை வச்சிருக்காரு. அது உள்ள இருந்துக்கிட்டே ஒரு வாரத்துக்கு வேலை செய்யும். கிருமிக்குன்னு தனியா சொட்டு மருந்து போட வேணாம். தைரியமாப் போங்க."

அதற்குப் பிறகு, மருந்து வைக்காதவர்களுக்கு ஒவ்வொருவராகக் குப்பியைக் கையில் கொடுத்து, எப்படிப் போடுவது என்று காட்டி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். சோணைமுத்துவும் சொன்னார். "காலைல, மத்தியானம், பொழுதுசாய, படுக்கப் போறப்ப." தப்பே இல்லை. கேஸ் சீட்டில் டிக் போட்டேன். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் அவர் வந்தார். ஓ.பி.யில் வரிசை வாசல் தாண்டி நின்றது. ராக்குதான் கூட்டத்துக்குள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். சோணைமுத்து பெஞ்சில் குனிந்து, துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். துண்டை விலக்கினேன். இமை வீங்கி மூடியிருந்தது. இரண்டு விரலால் மெல்லத் திறந்து டார்ச் அடித்தால், கருவிழிக்குப் பின்னால் கீழே வெள்ளையாகச் சீழ் தேங்கியிருந்தது. "வெளிச்சம் தெரியுதாண்ணே?" என்று கேட்டேன். "ஏதோ தெரியிற மாதிரி இருக்கும்மா" என்றார்.

"எப்பருந்து வலி?"

"முந்தாநா காலைலருந்து. வாங்க போவோம் வாங்க போவோம்னு கத்துறேன், கேக்கணுமே இந்த மனுசன்" என்றார் ராக்கு.

"சொட்டு மருந்து?"

ராக்கு இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தார். மூடிச் சீல் உடைக்காமல் அப்படியே இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அத்தனை பேர் முன்னால், வலியில் நடுங்கிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்து, "அறிவிருக்காண்ணே ஒங்களுக்கு? படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனேன்ல?" என்று கத்தினேன். அவர் என் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் அந்த வார்டுப் பொறுப்பில் இருந்த ஒரு சிஸ்டர், ஓய்வு பெற்றுப் போகும்போது எனக்கு ஒன்று சொல்லியிருந்தார். கண்ணில் சீழைப் பார்த்தால் வரிசையைப் பார்க்காதே, யாரிடமும் உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்காதே, ஆளைக் கையோடு கூட்டிப்போய் டாக்டர் முன்னால் நிறுத்து, திட்டை நீ வாங்கிக்கொள் என்று. அன்று ஓ.பி.யில் இருந்தவர் பயிற்சி டாக்டர். எழுதிக் கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்றார். தலைமை டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். நடுவில் போய் அவரைக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. நான் சோணைமுத்துவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே போனேன். தியேட்டர் கதவைத் தட்டி, அடுத்த ஆளைப் படுக்கவைக்க வேண்டாம் என்று சொன்னேன். பிறகு அவர் முகமூடியோடு வெளியே வந்து, டார்ச்சை வாங்கிப் பார்த்தார். "சரியாச் செஞ்சீங்க" என்றார். அவர் என்னைப் பாராட்டியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். அதை அனுபவிக்கத்தான் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் கண்ணுக்குள் ஊசி மருந்து போய்விட்டது. இரண்டு நாள் கழித்து இன்னொரு ஆபரேஷன். சீழ் வடிந்தது, வலி நின்றது. கண்ணை எடுக்க வேண்டிய நிலைமை வரவில்லை. பார்வை? முகத்துக்கு நேரே விரலை நீட்டினால் எண்ணிச் சொல்வார். அதற்குமேல் வரவில்லை.

இந்த மாதிரிக் கிருமி வந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உங்களுக்கும் அது இருக்கும், இப்போது கம்ப்யூட்டரில் இருக்கும். அதில் காரணம் என்று ஒரு கட்டம். வார்டுப் பொறுப்பாளர்தான் எழுத வேண்டும். நான் எழுதினேன்: "நோயாளி சொட்டு மருந்தைப் பயன்படுத்தவில்லை. வலி தொடங்கி இரண்டு நாள் தாமதமாக வந்தார்." கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாக்கியமும் உண்மை. பொய் என்று ஒரு வார்த்தை கிடையாது. அன்றைக்கு நான் நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

அவரிடம் காரணம் கேட்டது நாலைந்து நாள் கழித்துத்தான். வலி தணிந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ராக்கு டீ வாங்கப் போயிருந்தார். எனக்குக் கோபம் ஆறியிருந்தாலும் குரலில் அது கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ஏண்ணே, போட வேண்டியதுதான மருந்தை? என்னதான் நெனச்சீங்க?"

"நீங்கதானம்மா வேணாம்னு சொன்னீக."

"நான் எப்பண்ணே சொன்னேன்?"

"வீட்டுக்கு அனுப்பிச்சீகல்ல, அன்னைக்கி. கண்ணுக்குள்ளயே மருந்து வச்சிருக்காக, அது ஒரு வாரத்துக்கு வேலை செய்யும், சொட்டு மருந்து வேணாம், தைரியமாப் போங்கன்னு சொன்னீகல்ல? கணீர்னு சொன்னீக."

"அது ஒங்களுக்கு இல்லண்ணே. பாண்டி அண்ணனுக்கும் அந்தப் பக்கத்துக்காரங்களுக்கும் சொன்னது. ஒங்களுக்குத்தான் தனியாக் குப்பி குடுத்துச் சொல்லிக்குடுத்தேனே?"

"குடுத்தீக. இது என்னத்துக்குன்னு பாண்டிகிட்டக் கேட்டேன். ஒரே டாக்டரு, ஒரே நாளு, ஒனக்கு மட்டும் வைக்காமயா விட்டுருப்பாக, இது சும்மா கைவசம் இருக்கட்டும்னு கூடுதலாக் குடுக்குறதுன்னு சொன்னான். எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. ஒத்தக் கண்ணுக்காரன், எனக்குத்தான மொதல்ல வைப்பாக?"

ஒற்றைக் கண் என்பதற்காகவே வைக்கவில்லை. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வைக்கப்போகிறவர்களிடம் சம்மதம் கேட்டோம், விளக்கினோம், கையெழுத்து வாங்கினோம். வைக்காதவரிடம் என்ன சொல்ல இருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

"வலி வந்தப்பவாச்சும் வந்துருக்கலாம்லண்ணே?" என்றேன்.

"புண்ணுல மருந்து பட்டா எரியத்தானம்மா செய்யும்? எரிஞ்சாத்தான் ஆறும். உள்ள இருக்க மருந்து வேலை செய்யுதுன்னு பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். இவ கெளம்பு கெளம்புன்னா. ஒரு வாரம் வேலை செய்யும்னு அந்தம்மா சொல்லிருக்காக, ரெண்டு நாள் பொறுக்க முடியாதான்னு நாந்தான் ஏசுனேன்."

அந்த இரண்டு நாள் என் வார்த்தையை நம்பித்தான் அவர் படுத்துக் கிடந்திருக்கிறார். வலி கூடக் கூட, என் மேல் இருந்த நம்பிக்கையும் கூடியிருக்கிறது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். தமிழ், சௌராஷ்டிரம் எதுவும் வரவில்லை. அவரே என் பக்கம் முகத்தைத் திருப்பி, "நீங்க பொய் சொல்லலையேம்மா. எனக்கு இல்லைங்கிறது எனக்குத் தெரியல, அம்புட்டுத்தான்" என்றார்.

வாரா வாரம் டாக்டர்கள் கூடும் சனிக்கிழமைக் கூட்டத்தில் என் படிவத்தை வாசித்தார்கள். நோயாளியின் கவனக்குறைவு என்று ஒரு டாக்டர் சொன்னார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். பச்சை ஒட்டு ஒட்டிய கண்கள் எல்லாம் நன்றாக இருப்பதாகவும் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். பாண்டி அந்த வாரமே கடையைத் திறந்துவிட்டார். நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எழவில்லை. பத்து வருடமாக ஒரு கெட்ட பெயர் வாங்காதவள் என்ற நினைப்பு என்னை நாற்காலியோடு அழுத்தி வைத்திருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. என்னைப் பற்றி நல்லதாக மட்டும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள், இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை தலைமை டாக்டர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொட்டு மருந்து போட்டிருந்தால் கிருமி வந்தே இருக்காது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு நாள் தாமதம் என் வாயிலிருந்து வந்தது என்றேன். அவர் கடைசி வரை கேட்டார். அலமாரியிலிருந்து அந்தப் படிவத்தைத் தேடி எடுத்து, என் முன்னால் வைத்து, தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

பழைய இரண்டு வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். கீழே எழுதினேன்: "சொட்டு மருந்து வேண்டாம் என்று மற்றவர்களுக்கு நான் சத்தமாகச் சொன்னதை, இவர் தனக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டார். இவருக்கு ஏன் உள்மருந்து வைக்கவில்லை என்பதை நாங்கள் இவருக்குச் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் மருந்தின் வேலை என்று நினைத்து வலியைப் பொறுத்துக்கொண்டார்." கட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

அவர் அதைப் படித்துவிட்டு, "வைக்காதவங்களையும் உக்கார வச்சுச் சொல்லணும் சிஸ்டர், ஒவ்வொருத்தரா. அது நான் யோசிச்சிருக்க வேண்டியது" என்றார். தன் கையெழுத்தை என் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே போட்டார். எந்தப் பாதி என்று அவர் அன்றைக்குக் கேட்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மருந்தை உள்ளே வைத்துவிட்டால் குப்பி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிற பாதிதான் குறையும். சொல்கிற பாதி இரண்டு மடங்காகும்.

அந்தச் சோதனை முடிந்த பிறகு அந்தத் துணுக்கும் வரவில்லை, அதைக் கொண்டுவந்தவர்களும் வரவில்லை. ஏன் என்று எனக்குச் சொல்லும் அளவுக்கு யாருக்கும் நேரமில்லை. நாங்கள் திரும்பவும் குப்பிக்கே வந்துசேர்ந்தோம். அதற்குப் பிறகு நான் வார்டு நடுவில் நின்று எதுவும் சொன்னதில்லை. ஒவ்வொரு கட்டிலாகப் போய், முதலில் கையைத் தொட்டு, பெயரைச் சொல்லி, "இது ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். வலி வந்தா மருந்து வேலை செய்யுதுன்னு நெனக்காதீங்க, அன்னைக்கே பஸ் ஏறிடுங்க என்றும் சொல்வேன். அதற்கு நேரம் ஆகும். வேன் வெளியே நிற்கும், கழுவுகிற ஆட்கள் வாளியோடு நிற்பார்கள், சின்ன டாக்டர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். உங்களையும் பார்ப்பார்கள், பழகிக்கொள்ளுங்கள்.

கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்த பெண்ணுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். அந்தப் புது மருந்தை நான் சந்தேகப்படவில்லை. அன்றைக்கு இருந்ததைவிட நல்லதாகவே இருக்கும், எத்தனையோ கண்களைக் காப்பாற்றும், சந்தோஷம். ஆனால் அது யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது கண்ணுக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாது. உள்ளே இருப்பதை அவர் பார்க்க முடியாது. நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர் வீட்டுக்குப் போகிறார்.

சோணைமுத்து அதற்குப் பிறகும் வருடம் ஒரு தடவை பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்தார், ராக்குவின் கையைப் பிடித்துக்கொண்டுதான். கொடிக்காலுக்கு அவர் தனியாகப் போகவே இல்லை. ராக்கு இலை கிள்ளப் போக, இவர் வரப்பில் உட்கார்ந்து, விரலால் தடவிப் பார்த்து அடுக்கிக் கொடுப்பாராம். எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டு வெற்றிலை வரும். நான் வெற்றிலை போடுகிறவள் இல்லை. வாங்கிக்கொள்வேன்.

நான் ஓய்வு பெற்ற வாரத்தில் அவர் வந்திருந்தார். எனக்குத் தெரியாது. ஓ.பி. கூடத்தில் ஆபரேஷன் முடிந்து போகும் ஒரு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் தொண்டை தறிவீட்டுத் தொண்டை ஆயிற்றே. பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சிஸ்டரம்மா, இது எனக்கா, அவுகளுக்கா?"

கூடமே சிரித்தது. பக்கத்தில் ராக்குவும் சிரித்துக்கொண்டிருந்தார். சோணைமுத்து மட்டும் சிரிக்கவில்லை. என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, பதிலுக்குக் காத்திருந்தார்.

"அவுகளுக்குண்ணே" என்றேன். "ஒங்களுக்கு நான் வந்து தனியாச் சொல்றேன்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.